54 கட்டத்தில் ஒரு வேடியப்பன்

முதல் கட்டத்தில் ஒன்றும் இல்லை. நோட்டில் அதற்குப் பெயர் அ-1. அடுத்தது ஆ-1, அதிலும் ஒன்றும் இல்லை. இ-1க்கு வந்தால்தான் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே ஒரு சின்ன வளைவு எட்டிப்பார்க்கும். அது வேடியப்பனுடைய கொண்டை. அம்மா வீட்டு அரிசி டிரம்மில் அவரை வரைய உட்கார்ந்த முதல் நாள், வெறுமையாகக் கிடந்த அந்த இரண்டு கட்டங்களையும் நான் மதிக்கவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணானது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேடியப்பன் யாரென்று சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏரிக்கரை, தோப்பு, வரப்பு என்று பல இடங்களில் நடுகற்கள் நிற்கின்றன. மாட்டை ஓட்டிப் போனவர்களிடமிருந்து மீட்கப் போய் இறந்தவன், புலியைக் குத்தித் தானும் பட்டவன், ஊருக்காகச் சண்டையிட்டு விழுந்தவன் என்று ஒவ்வொரு கல்லும் ஒரு சாவின் அடையாளம். பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ராஜா பெயர், ஆண்டு, செத்தவன் பெயர் எல்லாம் இருக்கும். எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் போனார்கள், பெயர் மறந்தது. கல்லுக்கு மட்டும் பொங்கல் வைப்பது நிற்கவில்லை. பெயர் தொலைந்த பல வீரர்கள் இப்படித்தான் எங்கள் ஊர்களில் வேடியப்பன் ஆனார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் வேடியப்பன் என்று மூன்று பையன்கள் படித்தார்கள்.

அம்மாவின் ஊர் காவேரிப்பட்டணத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. மாந்தோப்பின் ஓரத்தில், புளியமரத்தடியில் அந்தக் கல். சுமார் 3 அடி உயரம், 2 அடி அகலம். எழுத்து ஒன்றும் இல்லை. வலக்கையில் குறுவாள், இடக்கையில் வில். காலடியில் ஒரு பக்கம் கெண்டி என்கிற மூக்கு வைத்த நீர்ப்பாத்திரம், இன்னொரு பக்கம் மாடு. மேல்பக்கத்து வலது மூலை எப்போதோ உடைந்து போயிருக்கிறது. அந்த மூலையோடு வில்லின் நுனியும் போய்விட்டது.

முழங்கால் வலி வந்த பிறகு அம்மாவால் தோப்பு வரைக்கும் நடக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க அண்ணன் மகன்தான் போகிறான். "போனியா, எண்ண ஊத்துனியா, மாலை போட்டியா" என்று அவனைத் துருவித் துருவிக் கேட்பார். ஒரு நாள் படியால் அரிசி அளந்து கொண்டே, "கண்ணுலயே நிக்கிது அந்தக் கல்லு" என்றார். 50 கிலோ பிடிக்கும் பழைய தகர டிரம் அது. தினமும் இரண்டு வேளை அவர் கை போகிற இடம். அங்கேயே அவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

நான் தையற்காரி. ஆரி வேலையும் செய்கிறேன். படத்தை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றுவது எனக்குப் புதிதில்லை. பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சால் தேய்ப்போம். வெளிர்த் துணி என்றால் நீலம், அடர்ந்த நிறம் என்றால் வெள்ளை. காகிதத்தைத் தூக்கினால் மயில் துணியில் இருக்கும். பத்து ரவிக்கைக்குப் பத்து மயில், மயிரிழை பிசகாது. ஆனால் அந்த வழியில் ஒரு குறை உண்டு. காகிதத்தில் என்ன அளவோ அதே அளவுதான் துணியிலும் வரும். சின்னதைப் பெரிதாக்கவோ பெரியதைச் சுருக்கவோ அதற்குத் தெரியாது. 3 அடிக் கல்லை டிரம்முக்குள் அடக்க எனக்கு வேறு கணக்கு வேண்டியிருந்தது.

எங்கள் கடைத்தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லாருக்கும் பெயிண்டர் தாத்தா. ஒரு காலத்தில் சினிமா பேனர், கட்சி பேனர், லாரியின் பின்கதவு, மாங்கூழ்த் தொழிற்சாலைச் சுவர் என்று எழுதாத இடம் இல்லை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பேனர் வேலை நின்றது. இப்போது வண்டி நம்பர் பலகையும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதும்தான். அவரிடம் போய்க் கேட்டேன்.

"ஒரு இஞ்சுக்கு ஒரு அடி, அவ்ளோதான் பாப்பா" என்றார். நடிகரின் போட்டோவில் பென்சிலால் ஒரு அங்குலக் கட்டம் போடுவார்களாம். கீழே பரப்பிய துணியில் நூல் அடித்து ஓரடிக் கட்டம். 10 அடி முகத்தின் மேலேயே உட்கார்ந்துதான் வரைய வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு அது முகமாகத் தெரியாது. முட்டிக்குக் கீழே ஒரு மூக்குத் துவாரம், கைக்கு எட்டுகிற தூரத்தில் இமையின் பாதி. "முகத்தப் பாத்தா கை நடுங்கும். கட்டத்தப் பாரு. கோடு எந்தப் பக்கத்துல நுழையுது, எந்தப் பக்கத்துல வெளிய போவுது, அத மட்டும் பாரு."

இதுதான் முழு வித்தையும். ஒரு கட்டத்துக்கு நாலு ஓரம். வில்லின் கோடு மேல் ஓரத்தில் முக்கால் பங்கில் நுழைகிறது, இடது ஓரத்தில் பாதியில் வெளியேறுகிறது. பெரிய கட்டத்திலும் மேல் ஓரத்தில் முக்காலில் ஒரு புள்ளி, இடது ஓரத்தில் பாதியில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும்போது நடுவில் எவ்வளவு வளைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஸ்கேல் கூட வேண்டாம். பாதி, கால், முக்கால் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். எல்லா இடத்துக்கும் பொடிக் கட்டம் போட்டுக் குழம்பவும் கூடாது. தாத்தா சொன்னபடி, முகம் வருகிற கட்டங்களை மட்டும் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என்று நாலாக உடைத்துக்கொண்டேன். காலுக்கும் மாட்டுக்கும் பெரிய கட்டமே தாராளம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளக்கினேன். பாதி சொல்வதற்குள், "புள்ளிக்குப் பதிலா கட்டமா? வச்சுக்கோ" என்றுவிட்டார். இதில் அவருக்குப் புதிதாக எதுவும் இல்லை. மார்கழிக்கு முன்னால் பத்திரிகையில் வரும் கோலத்தை நோட்டில் ஏற்றிக்கொண்டு, '15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை' என்று மேலே எழுதி, விடியற்காலையில் வாசலில் அதையே எட்டடிக்குப் போட்டவர். நோட்டில் புள்ளிக்குப் புள்ளி அரை விரற்கடை, வாசலில் ஒரு சாண். எந்தப் பெண்ணும் வாசலுக்கு ஸ்கேல் எடுத்துப் போவதில்லை. எண்ணுகிறாள். மூன்றாவது வரிசையில் நாலாவது புள்ளியைச் சுற்றி வளைத்து மேலே ஏறு என்றால் அந்தக் கணக்கு நோட்டிலும் ஒன்று, தெருவிலும் ஒன்று.

அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கட்டம் போடும்போது நாம் அளப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்குகிறோம். அளவு என்றால் அது பொருளுக்குப் பொருள் மாறும். ரவிக்கைக்கு ஒன்று, டிரம்முக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. எண்ணிக்கை மாறாது. சிலையின் உறுப்புகளுக்கு அளவு சொல்லும் நம் சிற்பிகளின் தாலக் கணக்கும் இதே அடிப்படைதான். அதில் உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 பங்கு. விரலளவு விக்கிரகமானாலும் ஆளுயரச் சிலையானாலும் பங்கு 124தான், ஒரு பங்கு எவ்வளவு என்பது மட்டும் மாறும். எகிப்தில் கல்லறைச் சுவரில் ஓவியம் தீட்டியவர்கள் காவி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கட்டம் போட்டார்கள். நிற்கிற ஆளுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம், உட்கார்ந்தவருக்கு 14. வேலை பாதியில் நின்றுபோன கல்லறைகளில் அந்தச் சிவப்புக் கோடுகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. பெயிண்டர் தாத்தா நீலம் தோய்த்த நூலைச் சுண்டும்போது வருகிற 'டப்' என்ற சத்தம் அங்கேயும் கேட்டிருக்கும்.

கல்லைப் படியெடுப்பதுதான் முதல் வேலை. செல்போனில் போட்டோ எடுத்துப் பார்த்தேன், பயன்படவில்லை. எண்ணெய்ப் பளபளப்பில் வெளிச்சம் பட்டு மார்பு முழுக்க ஒரே வெள்ளை. நின்றபடி எடுத்ததால் தலை பெருத்துக் கால் சிறுத்தது. கல்லின் மேலேயே நூல் கட்டலாமா என்று பூசாரி சித்தப்பாவிடம் கேட்டேன். "சாமி மேல கயிறு கட்டக் கூடாது கண்ணு, எட்ட இருந்து என்ன வேணாலும் பண்ணிக்கோ" என்றார். அது எனக்கும் சரியாகப் பட்டது.

எட்ட இருந்தே செய்வதற்கு ஒரு வழி உண்டு. பழைய காலண்டர் போட்டோவின் மரச்சட்டத்தை உரித்து, உள் அளவு 30 செ.மீ.க்கு 45 செ.மீ. வரும்படி வெட்டி ஒட்டினேன். 5 செ.மீ.க்கு ஒரு சின்ன ஆணி. ஆணிக்கு ஆணி கறுப்புத் தையல் நூல். குறுக்கே அ முதல் ஊ வரை 6, நெடுக்கே 1 முதல் 9 வரை 9, ஆக 54 கட்டம். இந்தச் சட்டத்தை என் கண்ணுக்கும் கல்லுக்கும் சரிபாதியில் நிறுத்தினால், 3 அடிக் கல் ஒன்றரை அடிச் சட்டத்துக்குள் அடங்கிவிடும். 1435இல் இத்தாலியில் ஆல்பர்ட்டி என்பவர் ஓவியர்களுக்கு எழுதிய நூலில் மெல்லிய துணித் திரையில் தடித்த நூலால் கட்டம் போட்டு, அதன் வழியே பார்த்து வரையச் சொல்கிறார். ஓவியர் வான்கோ 1882இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருந்தபோது இப்படி ஒரு சட்டம் செய்வித்து, மணலிலும் மேட்டிலும் ஊன்றுவதற்குக் கொல்லரிடம் இரும்பு முனைகள் வைத்து வாங்கிக்கொண்டார். என் சட்டத்துக்கு மாங்காய் கிரேட் இரண்டுதான் முட்டுக்கொடுத்தன.

சட்டம் நின்றாயிற்று. உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வாள்முனை ஆ-3இல் இருந்தது. நோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் வாள்முனை அ-3. தலை இரண்டு விரல் அசைந்தால் போதும், வேடியப்பன் ஒரு கட்டம் நகர்ந்துவிடுகிறார். அரை மணி நேரம் போராடிய பிறகுதான் ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் மரச்செதுக்குப் படம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஓவியன் கட்டச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். அவன் கண்ணுக்கு நேரே, மேசையில் ஒரு கூரான சின்னத் தூண் நிற்கும். அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. கண் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வருவதற்காக வைத்த குறி அது. ஒரு வேப்பங்குச்சியைச் சீவி மூன்றாவது கிரேட்டின் பிளவில் செருகினேன். குச்சி நுனியும் வேடியப்பனின் தொப்புளும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் பார்ப்பது, வரைவது. அப்புறம் அவர் நகரவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு மேல் வெயில் பக்கவாட்டில் சாய்ந்ததும், பகலெல்லாம் தெரியாத கோடுகள் எழுந்தன. இடுப்பில் முடிச்சிட்ட துணியின் நுனி, மணிக்கட்டில் காப்பு, மாட்டின் கழுத்தில் ஒரு வளையம், மணியாக இருக்கலாம். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற கல். மாட்டுக்குக் கழுத்தில் ஏதோ கட்டியிருக்கிறது என்பது இ-8ஐ வரைய வேண்டி வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கும்பிடும்போது நான் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். கட்டம் முகத்துக்கு ஒரு நியாயம், மாட்டுக்கு ஒரு நியாயம் வைப்பதில்லை. இ-2க்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ அவ்வளவு நேரம் இ-8க்கும் உட்கார வேண்டியிருந்தது. காலடியில் இருந்தது கெண்டிதானா என்ற சந்தேகத்துக்குக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் அங்குள்ள நடுகற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன். கெண்டிதான்.

இனி டிரம். வெளிப்பக்கம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் துருவையும் பழைய பெயிண்டையும் தேய்த்தேன். துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். உள்பக்கத்தில் ஒரு சொட்டு பெயிண்ட் பட விடவில்லை. சாப்பிடுகிற அரிசி இருக்கிற இடம். நோட்டில் என் கட்டம் 3 செ.மீ., டிரம்மில் 6 செ.மீ. ஆக 36 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம். கோடு போடுவதற்குத் தாத்தா சாக்பீஸ் சொன்னார், நான் என் தொழில்முறைப்படி குளித்து மீந்த சோப்புத் துண்டை எடுத்துக்கொண்டேன். துணியில் குறி போட எங்களுக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஓரம் கூராகத் தேய்ந்திருக்கும், கோடு மெலிதாக விழும், ஈரத்துணி பட்டால் போய்விடும். ஒத்திகைக்காக வீட்டில் கிடந்த பழைய தகரத்தட்டில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன், மேலே அடித்த வெள்ளை பெயிண்டைத் தாண்டி நீலம் கசிந்து வந்துவிட்டது. பேனாவை யாரும் தொடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கதை இங்கேதான். நோட்டில் எழுத்தும் எண்ணும் போட்டிருந்தேன், டிரம்மில் போடவில்லை. கண் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அ-1, ஆ-1 இரண்டும் வெறுமைதானே என்று கொண்டையில் ஆரம்பித்தேன். ஆரம்பித்தது டிரம்மின் முதல் கட்டத்தில். முகம் நன்றாக வந்தது, கழுத்து வந்தது, தோள் வந்தது. நாலாவது வரிசைக்கு வந்து வலக்கையை நீட்டினால் வாளுக்கு இடமே இல்லை. இரண்டு நெடுவரிசை முழுதாக இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ஒன்றும் இல்லாத கட்டங்களை எண்ணாமல் விட்டதற்கு, எல்லாம் இருக்கிற கட்டங்கள் இடம் மாறிவிட்டன. காலையில் ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை வரைந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கோலத்துல ஒத்தப் புள்ளி விட்டாலும் இப்படித்தான்" என்று சொல்லி, காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி தொடங்கும்போது டிரம்மின் மேல் விளிம்பில் சோப்பால் அ ஆ இ ஈ உ ஊ, பக்கத்தில் 1 முதல் 9. வெறும் கட்டம் வரும்போதெல்லாம் அதன் நடுவில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன், 'இதையும் பார்த்தாயிற்று' என்பதற்காக. 54இல் 11 கட்டங்களுக்கு அந்தப் புள்ளி கிடைத்தது. வில்லுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள வெற்றிடம் எவ்வளவு என்பதை அந்தக் கட்டங்கள்தான் எனக்குச் சொல்லின. அந்த இடைவெளி குறைந்தால் வில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அவன் அதை ஏந்தியிருக்கும் வீறு போய்விடும்.

டிரம் உருண்டையானது என்பது எட்ட நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. அதன் விட்டம் 40 செ.மீ. அருகில் போய் அளந்தால் எல்லாக் கட்டமும் 6 செ.மீ.தான். எதிரே நின்றால் நடுவில் உள்ளவை ஏறக்குறைய 6 செ.மீ.யாகத் தெரிகின்றன, இரண்டு ஓரத்திலும் இருப்பவை வளைந்து விலகுவதால் நாலரைக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகின்றன. வாளும் வில்லும் ஓரக் கட்டங்களில்தான் இருக்கின்றன. ஓரத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக்கிவிடலாமா என்று தாத்தாவைக் கேட்டேன். "உங்கம்மா அதுக்கு முன்னால பொம்மை மாதிரி நின்னுக்கினா இருக்கப் போறாங்க? அங்க இங்க நடப்பாங்க இல்ல" என்றார். சமமாகவே விட்டேன். அவர் சொன்னது சரி. சமையற்கட்டுக்குள் நுழையும்போது முதலில் வாள் தெரிகிறது. அடுப்புப் பக்கம் போனால் வில். அரிசி எடுக்கக் குனியும்போது முகம்.

அப்புறம் அந்த உடைந்த மூலை. ஊ-1, ஊ-2, அதோடு உ-1இல் பாதி. கல்லில் அந்த இடமே இல்லை. அண்ணன், "வில்லுதானே, அந்தப் பக்கம் எப்படி வளையுதோ அதே மாதிரி மேலயும் வளைச்சு முடிச்சுடு" என்றான். எனக்கு அது முடியாத காரியம் இல்லை. கீழ் நுனி ஊ-6இல் தெளிவாக இருக்கிறது, அதைத் தலைகீழாக்கினால் மேல் நுனி. அருங்காட்சியகத்தில் முழு வில்லோடு இருக்கிற கல்லைப் பார்த்தும் போட்டிருக்கலாம். இரண்டு நாள் யோசித்தேன். செதுக்கியவன் என் கண்ணுக்குக் கொடுத்தது 51 கட்டமும் ஒரு பாதியும். அதில் 11ஐ அவனே வேண்டுமென்று வெறுமையாக விட்டான். அந்த வெறுமை அவனுடையது. இந்த மூலையில் இருப்பது காலம் எடுத்துக்கொண்டது. இரண்டையும் ஒரே நிறத்தில் பூசுவது அவனுக்கும் பொய், கல்லுக்கும் பொய் என்று எனக்குப் பட்டது.

ஆகவே கல் இருக்கிற இடமெல்லாம் கருஞ்சாம்பல் எனாமல், அதன் மேல் உருவம் வெளிறிய மஞ்சளில். உடைந்த இடத்தில் எதுவும் பூசாமல் ரெட் ஆக்சைடு சிவப்பை அப்படியே விட்டு, உடைப்பின் ஓரம் எப்படி ஏறி இறங்குகிறதோ அதை மட்டும் கட்டக் கணக்கில் வரைந்தேன். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கோட் வார்னிஷ். அண்ணனுக்கு இன்றுவரை அதில் மனம் ஒப்பவில்லை. அம்மா பார்த்த உடனே விரலை அந்தச் சிவப்பு மூலையில் வைத்து, "இங்கதான் உங்க தாத்தா வெளக்கு வைப்பாரு, காத்து அடிக்காதுன்னு" என்றார். கல்லின் உடைந்த மேட்டில் அகல் வைக்க வாகாக ஒரு குழிவு இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

டிரம்மைப் பார்த்த பிறகு சித்தி தன் புளிப்பானையைக் கொண்டுவந்தார். தண்ணீர்ப் பானையாக இருந்திருந்தால் மறுத்திருப்பேன். மண்பானையின் உடம்பில் நீர் கசிந்து ஆவியாகப் போவதால்தான் உள்ளே இருக்கிற நீர் குளிர்கிறது, பெயிண்ட் அடித்து அந்தக் கண்களை அடைத்தால் அது பானையாக இருந்து என்ன பயன். புளிக்கு அந்தக் கவலை இல்லை. பர்கூர் பக்கத்து மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரைவீரர்கள் இருக்கிறார்கள். குதிரை மேல் ஒருவன், எதிரே குதிரை மேல் இன்னொருவன், கையில் ஆயுதம். உடம்பெல்லாம் ஒரே வீச்சில் போட்ட கோடுகள். போய் வந்தபோது நோட்டில் ஏற்றி வைத்திருந்த அந்த இருவரையும் பானைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

பானையில் சதுரம் போட முடியாது. போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் ஏறும். வயிற்றில் சுற்றளவு 90 செ.மீ., கழுத்தில் 42 செ.மீ. நான் செய்தது இது. பேப்பர் நாடா ஒன்றை வயிற்றைச் சுற்றிப் பிடித்து, சேருகிற இடத்தில் வெட்டினேன். அதை இரண்டாக, மறுபடி இரண்டாக மடித்து, அந்தக் காலை மூன்றாக மடித்தால் 12 பங்கு. ஸ்கேல் தேவையில்லை. கழுத்துக்கும் அதே போல் ஒரு நாடா, அதே 12 மடிப்பு. வயிற்றில் ஒரு பங்கு 7.5 செ.மீ., கழுத்தில் 3.5 செ.மீ. முதல் மடிப்புக்கு முதல் மடிப்பு என்று மேலும் கீழும் நூல் பிடித்துக் கோடு இழுத்தால், பூசணிக்காயின் வரிகள் போல 12 கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். குறுக்குக் கோட்டுக்கு, புத்தகங்களை அடுக்கி அதன் மேல் சோப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை அசைக்காமல் பானையை மணையோடு சுற்றினால் கோடு தானாக விழும். ஒரு புத்தகம் ஏற்றினால் அடுத்த வரிசை.

கிடைப்பது சதுரம் அல்ல, மேலே குறுகிக் கீழே அகன்ற முறம் போன்ற கட்டங்கள். பரவாயில்லை. எண்ணிக்கை கலையவில்லை. நுழைகிற பக்கம், வெளியேறுகிற பக்கம், பாதி, முக்கால் எல்லாம் இந்தக் கோணல் கட்டத்திலும் செல்லும். ஆனால் உருவம் அதற்கேற்ப மாறும் என்பதை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் வீரனின் தலையைக் கழுத்துக்குப் பக்கத்து வரிசை வரை ஏற்றியிருந்தேன். தலை சுண்டைக்காயாகி, குதிரை வயிறு ஊதிவிட்டது. "முகத்தக் கழுத்துக்கிட்ட கொண்டு போவாத, எல்லாத்தையும் வயித்துல வை" என்று தாத்தா சொன்னதும் மூன்று வரிசை கீழே இறக்கினேன். பானை அகன்றிருக்கும் இடத்தில் கட்டங்கள் கிட்டத்தட்ட சதுரமாகவே இருக்கின்றன. குதிரைகள் அங்கே ஓடட்டும், கழுத்துப் பக்கத்து ஒடுக்கமான கட்டங்களுக்குப் புள்ளி மட்டும் வைத்து விட்டுவிட்டேன். வெள்ளைக்குச் சுண்ணாம்பில் கொஞ்சம் வேலம்பிசின். ஒரு வீரன் இந்தப் பக்கம், மற்றவன் பானையின் அந்தப் பக்கம். இருவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. பானையைச் சுற்றினால் எதிரி வருகிறான். பாறையில் எதிரெதிரே நின்றவர்களை இப்படிப் பிரித்தது சரியா என்று எனக்கு உறுத்தல் இருக்கிறது. அடுத்த முறை இருவரையும் ஒரே பக்கத்தில் 6 பங்குக்குள் அடக்கிப் பார்க்க வேண்டும்.

கடைக்கு வரும் பிள்ளைகள் இப்போது தண்ணீர் பாட்டில், ஜியாமெட்ரி பாக்ஸ், ஹெல்மெட் என்று எடுத்து வருகிறார்கள். ஹெல்மெட்டுக்கு நான் பெயிண்ட் தொடுவதில்லை. சில பெயிண்டும் தின்னரும் அதன் ஓட்டைப் பலவீனப்படுத்திவிடும். மற்றவற்றுக்கு முதல் வகுப்பு எப்போதும் பேப்பர் நாடா மடிப்பதுதான். இரண்டாவது வகுப்பு, ஓரத்தில் அ ஆ இ ஈ எழுதுவது.

போன ஆடியில் அம்மா வீட்டில் வெள்ளையடித்தார்கள். டிரம்மை நகர்த்தியவர்கள் வாசற்படியில் இடித்துவிட்டார்கள். நேரே இ-8இல் ஒரு சொட்டை, அந்த இடத்தில் பெயிண்டும் உரிந்து போனது. அம்மா போனில் சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. "மாட்டோட கழுத்து போச்சுடி."

அடுத்த ஞாயிறு சோப்புத் துண்டையும் நோட்டையும் எடுத்துப் போனேன். உரிந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் தொட்டு, காய்ந்ததும் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் நாலு கோடு போட்டேன். சொட்டையை எடுக்கவில்லை, உள்ளிருந்து தட்டினால் சுற்றியிருக்கும் பெயிண்டும் விடும். நோட்டைப் பிரித்து இ-8ஐப் பார்த்தேன். கழுத்தின் கோடு இடது ஓரத்தில் கால் பங்கில் நுழைகிறது, மேல் ஓரத்தில் பாதியில் வெளியேறுகிறது. நடுவில் ஒரு வளையம். அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வளையம் முடிகிற வரைக்கும் நோட்டை எனக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.